மங்களேஸ்வரியின் வீடு மதில்வரை போன கதை

சிறுமலை அடிவாரத்தில் பதினேழு குடும்பங்களுக்கு ஒரே அடுப்பு எரிந்த ஓரடுப்புக் காலனியில் வீடுகள் நகர ஆரம்பித்தது, குடிவந்த மூன்றாம் வருஷம், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு விடிந்ததும் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த மங்களேஸ்வரி, தன் வீட்டுப் படி சமையல்கூடத்தைப் பார்த்துப் பதினோரு அடி நெருங்கி வந்திருப்பதையும், நேற்றுப் போட்ட கோலம் வீட்டுக்கு அடியில் போய்விட்டதையும் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்து, இடுப்பில் கைவைத்து ஒரு நிமிஷம் நின்றாள். ஏழு மணி ஷிப்டுக்கு பஸ் ஆறேகாலுக்கே வந்துவிடும் என்பதால் புது இடத்தில் தண்ணீர் தெளித்து, புதுக்கோலம் போட்டு, தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேலைக்குப் போகிறவளுக்கு ஆச்சரியப்பட ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்படும்.

அவர்கள் எல்லோரும் டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆட்கள். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகையில் வயரைச் செருகி, காரைக்குடிக்காரரைக் கல்கத்தாக்காரரோடு பேசவைத்துவிட்டு, தங்கள் வீட்டில் உலை வைத்தார்களா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள். காலை ஷிப்டு, மதிய ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மாறி மாறிப் போனதில் ஒருத்தர் வீட்டிலும் வேளைக்கு அடுப்பு எரியவில்லை, பிள்ளைகள் எந்த வீட்டில் சோறு இருக்கிறதோ அந்த வீட்டிலேயே தூங்கிப்போனார்கள். இதைப் பார்த்த யூனியன்காரர் லூர்துசாமி, எப்படியும் இப்படித்தான் நடக்கிறது, இதையே முறையாகச் செய்துவிடுவோம் என்று பதினேழு பேரைச் சேர்த்து நிலம் வாங்கி, நடுவில் ஒரு சமையல்கூடமும் சுற்றிலும் வட்டமாகப் பதினேழு வீடுகளும், எல்லாவற்றையும் சுற்றி ஒரு கல்மதிலும் கட்டினார். ஷிப்டு இல்லாதவர்கள் சமைக்க வேண்டும், ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் பாத்திரம் விளக்க வேண்டும், மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டத்துக்கு மதிலுக்குள் இருக்கிற எல்லோரும் வர வேண்டும். காலனியின் சட்டம் அவ்வளவுதான்.

மங்களேஸ்வரியின் வீடு நகர்ந்த மாதமே மற்ற வீடுகளும் நகர்ந்தன. சில முன்னால் வந்தன, சில பின்னால் போயின, ஆனால் நகர்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை. எல்லோர் முகமும் வேறு பக்கம் திரும்பியிருக்கிற நேரமாகப் பார்த்து அவை நகர்ந்துகொண்டன. கொத்தனாரை வரவழைத்தார்கள், அவர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவர் நேராகத்தான் இருக்கிறது, வீடுதான் இடம் மாறியிருக்கிறது, அது என் வேலையில்லை என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவரவர் மொட்டைமாடியில் கரண்டு வயரைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்தார்கள், இரும்புக் குழாயைப் பிடுங்கிவிட்டுத் தோட்டத்துக்கு விடும் பச்சை ரப்பர் டியூப் போட்டார்கள், தபால்காரர் கேட்டில் சைக்கிளை நிறுத்தி இன்றைக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு உள்ளே வந்தார்; டவுனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மூன்று ஞாயிறு வந்து, ஒன்றும் அசையக் காணாமல், சமையல்கூடத்தில் சாப்பிட்டு, சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஊரில் பேசிக்கொண்டார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள், மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் வீடு எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். அடுப்பை ஒட்டி நின்றால் மருமகளுக்கு இடுப்பு ஒடியும், மதிலை ஒட்டி நின்றால் மாப்பிள்ளை யாரோடும் ஒட்டாத ஆள். ஆகவே நடுவாந்தரமாக நின்ற வீடுகளுக்கே சீக்கிரம் கல்யாணம் கூடிவந்தது.

ஏன் நகர்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் சீக்கிரமே கிடைத்தது, அது எல்லோருக்கும் பிடித்துப்போனதால் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சமையல்கூடத்து வேலை செய்தால் வீடு அடுப்புக்கு வரும், செய்யாவிட்டால் மதிலுக்குப் போகும். இந்த விளக்கத்துக்கு அடங்காமல் நின்றது ராமபத்ரன் வீடு ஒன்றுதான். ராமபத்ரன் ஒரு வெண்டைக்காய்க்குக் காம்பு கிள்ளியவரில்லை. ஆனால் சாம்பாரில் புளி ஏறிவிட்டது, ரசத்தில் மிளகைக் காணோம், அரிசியை இத்தனை தண்ணீரில் வடிக்கச் சொன்னது யார் என்று மூன்று வேளையும் எழுந்து நின்று கேட்பார், கேட்டதற்கு மூன்று வேளையும் நாலு பேர் சீறி விழுவார்கள். அவர் வீடோ சமையல்கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் மண்ணுக்கடியில் பாறை இருக்கிறது என்று மற்றவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சமாதானமானார்கள்.

மங்களேஸ்வரியின் வீடும் அவள் வயசோடு சேர்ந்து போனது, வந்தது. கல்யாணமான புதிதில் அது அடுப்புப் பக்கமே நின்றது. மகன் கதிரேசன் பிறந்தபோது முப்பதடி பின்னால் போய், அவன் நடக்கப் பழகி எல்லார் தட்டிலும் கைவைக்க ஆரம்பித்ததும் திரும்பி வந்தது. அவளுக்கு நாற்பத்தொரு வயசில் கணவர் தங்கப்பாண்டிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு நாள் மதுரைக்கு டயாலிசிஸ் கூட்டிப்போய் வந்த நாலு வருஷமும் அவள் பொது அடுப்பில் ஒரு கரண்டியைத் தொடவில்லை. வீடு போய்க்கொண்டே இருந்து, மதிலுக்கு இருபதடி இருக்கையில் ஏனோ நின்றுவிட்டது. அந்த நாட்களில் அவளோடு ஒரே பலகையில் வேலை பார்த்த நஜ்முன்னிசா வாரம் தவறாமல் வந்து வாசலில் நின்று, "ஏண்டி மங்களம், ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கு வாயுமா செத்துப்போச்சு? பூண்டுக்குழம்ப ஞாயித்துக்கிழமலருந்து புதன்கிழமைக்கு மாத்திப்புட்டாய்ங்க, நீ பாட்டுக்கு உக்காந்துருக்க" என்று சண்டைக்கு இழுப்பாள், இவளும் நோயாளியின் கால்மாட்டில் உட்கார்ந்தபடி அரைமணிநேரம் பதிலுக்குக் கத்துவாள், தங்கப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். அவர் போனபின் அவள் மறுபடி அடுப்புக்கு வந்தாள், வீடும் வந்தது. அவள் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற காலத்தில் சமையல்கூடத்து ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் அவள் வீட்டு ஜன்னலில் கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளலாம்.

அதன் பிறகுதான் சால்வை வந்தது. நல்ல மனசுக்காரர்கள் செய்த காரியம் அது, அதனாலேயே அதில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலனியை இப்போது நடத்துகிறவர்கள், அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் தூங்கிப்போன அதே பிள்ளைகளும் அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும். எழுபது முடிந்தவர்களைக் கடைசிவரை வேலை வாங்குவது நமக்குத்தான் அசிங்கம் என்று பேசி, எழுபதானவர்களுக்குச் சால்வை போர்த்தி, எல்லா முறை வேலையிலிருந்தும் விடுவிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். முதல் சால்வை லூர்துசாமிக்கு. "இனிமே நீங்க உக்காருங்க சித்தப்பா, எல்லாத்தையும் நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள், அவரும் கண் கலங்கி உட்கார்ந்தார்.

மறுநாள் அவர் வீடு பதினாலு அடி பின்னால் நின்றது. ஒன்பது மாதத்தில் மதிலை எட்டியது. மதில் இரண்டாக விலகி வழிவிட்டது, வீடு வெளியே விவசாயம் பார்த்த மூக்காண்டியின் சோளக்காட்டுக்குள் போய் நின்றதும் மதில் பழையபடி மூடிக்கொண்டது. கொஞ்ச நாள் தூக்குவாளியில் சோறு மதிலுக்கு மேலாகப் போனது. ஆனால் கூட்டத்துக்கு மதிலுக்குள் இருக்கிறவர்களைத்தான் கூப்பிடுவது என்று சட்டம், அவரை யாரும் கூப்பிடவில்லை. லூர்துசாமி மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார், போன் பண்ணினால் "சாப்பாடு நல்லாருக்கு, யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்குறதில்ல" என்பார். அவர் வீட்டு ஜன்னல் கம்பியில் மூக்காண்டி ஆடு கட்டிக்கொண்டான். அதன் பிறகு சால்வை வாங்கிய மூன்று பேரின் வீடுகளும் அதே வழியில் போயின, வெளியே போன வீடு ஒன்றும் திரும்பி வரவில்லை. வயசானால் தலை நரைக்கிறது, வீடு நகர்கிறது என்று காலனி அதையும் ஏற்றுக்கொண்டது. ராமபத்ரன் மட்டும் சால்வையைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்து, "நான் என்னைக்குய்யா காய் நறுக்குனேன், இப்ப என்னைய விடுவிக்கிறதுக்கு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், எண்பத்தொரு வயசில், அடுப்பை ஒட்டி நின்ற வீட்டில், இட்லி கல்லாக இருக்கிறது என்று சண்டை போட்ட வாரத்தில் செத்துப்போனார்.

மங்களேஸ்வரிக்குச் சால்வை போர்த்தினபோது நஜ்முன்னிசாவும் இல்லை, காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் நல்ல சால்வைதான். மறுநாள் அவள் எழுந்து பார்த்தபோது கறிவேப்பிலை வாங்கிய ஜன்னல் பன்னிரண்டு அடி தள்ளித் தெரிந்தது.

அவள் பயந்தாள். சாவுக்கு இல்லை, டிபன் கேரியருக்குத்தான் பயந்தாள். எல்லோரும் சாப்பிடுகிற சத்தம் தூரத்தில் கேட்க, தான் மட்டும் வாசலில் கேரியரைத் திறந்துவைத்துக்கொண்டு, அதுவும் ஒரு நாள் மதிலுக்கு மேலாக வந்து, பிறகு வராமலும் போய், கடைசியில் ஓசூரில் மகன் வீட்டு எட்டாவது மாடியில் உட்கார்ந்து சாப்பாடு நல்லாருக்கு என்று போனில் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்தாள்.

ஆகவே வேலை செய்யப் போனாள். அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு பேர் ஓடிவந்து, "அய்யோ, நீங்க எதுக்கு" என்று அணைத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கீரை ஆயப் போனாள், கீரைக்கட்டு மறைந்தது. மதியச் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து, குழாயடியில் கிடந்த பாத்திரங்களைத் தினமும் விளக்கிக் கவிழ்த்துவிட்டு வந்தாள், யாரும் தடுக்கவில்லை என்று சந்தோஷப்பட்டாள். அப்படியும் வீடு போய்க்கொண்டேதான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கச் சாயங்காலம் திரும்பிப் போனவள், சமையல்கூடத்துப் பொறுப்பிலிருந்த சுகந்தி, காலனியின் மருமகள்களில் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இவள் விளக்கிக் கவிழ்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமில்லாமல் மறுபடி விளக்குவதைப் பார்த்தாள். கண்ணாடியை எடுக்காமலே திரும்பிவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்த தூரம் அவளுக்கு வேறு எந்த நாளையும்விட அதிகமாக இருந்தது.

வீட்டுப் படியில் உட்கார்ந்து தூரத்தில் ராமபத்ரன் வீட்டைப் பார்த்தாள். அந்த மனுஷன் எந்த வேலை செய்தார் என்று யோசித்தாள். நஜ்முன்னிசா வந்து கத்திய நாலு வருஷத்தையும் யோசித்தாள். சால்வை விழுந்த நாளிலிருந்து தன்னை ஒருத்தராவது, நீ சொல்வது தப்பு என்று சொல்லியிருக்கிறார்களா என்று விரல்விட்டு எண்ணப்போய், ஒரு விரலும் மடங்காமல் கையைக் கீழே போட்டாள். பலகையில் உட்கார்ந்து இருபது வருஷம் ஊரைப் பேசவைத்தவளுக்கு, ஒருபக்கம் மட்டும் குரல் கேட்டால் லைன் செத்துவிட்டது என்பது தெரியாமல் போகுமா?

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வெட்கத்தைவிட்டுச் சொன்னாள். "எனக்கு உக்காரப் பிடிக்கல. யாராச்சும் என்கூடச் சண்ட போடுங்கப்பா. அப்பத்தான் வீடு நிக்கும்."

அவர்கள் நல்லவர்கள் என்று முன்பே சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். செயலாளர் அருள்தாஸ் ஒரு அட்டையில் கோடு போட்டு, திங்கள் இன்னார், செவ்வாய் இன்னார் என்று சண்டைக்கு முறை எழுதிச் சமையல்கூடத்தில் மாட்டினார். திங்கள்கிழமை ஒருத்தி வந்து, "அத்தை, உங்க சேல ஒண்ணும் அம்புட்டு நல்லால்ல" என்று சொல்லிவிட்டு, "தப்பா நெனச்சுக்கிடாதீங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைக்காரர், நீங்கள் சொல்லும் எல்லாமே தப்பு என்று எழுதிவைத்துப் படித்துவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார். புதன்கிழமைக்காரர் சண்டையோடு பூரியும் கொண்டுவந்தார். அந்த ஒரு வாரத்தில் வீடு ஐந்தடி பின்னால் போனது. மங்களேஸ்வரி அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டாள், அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே இன்னும் ஒன்பதடிதான் பாக்கி என்றபோது, அதற்கடுத்த முதல் ஞாயிறு கூட்டத்தில், அவள் மறுபடி எழுந்தாள். இந்த முறை விஷயத்தைச் சொல்லவில்லை. எந்தப் புத்தியுள்ள மனுஷனும் எதிர்த்தே தீரவேண்டிய ஒன்றை யோசித்து வைத்திருந்தாள்.

"இந்தக் காலனில ஒடம்பு கெட்டுப்போச்சு எல்லாருக்கும்" என்றாள். "நாளைலருந்து காலைல, மத்தியானம், ராத்திரி மூணு வேளையும் பாகற்காதான். வேற காயே இந்தச் சமையக்கூடத்துக்குள்ள வரக்கூடாது."

சொல்லிவிட்டு, இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள். மனசுக்குள் ராமபத்ரன் எழுந்து நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் இந்நேரம் கரண்டி பறந்திருக்கும்.

அருள்தாஸ் எல்லோர் முகத்தையும் ஒருதரம் பார்த்தார். "மங்களம் அத்தை சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை.

அப்படியாகப் பாகற்காய் வந்தது. திங்கள் காலை பாகற்காய்ச் சட்னி, மதியம் பாகற்காய்ப் புளிக்குழம்பு, ராத்திரி பாகற்காய் அடை. செவ்வாய் பொரியல், கூட்டு, வற்றல். புதன்கிழமை சர்க்கரைக்காரர்கள் நாலு பேரைத் தவிர யாரும் மறுசோறு கேட்கவில்லை. வியாழக்கிழமை பிள்ளைகள் வெறும் சோற்றைத் தயிரில் பிசைந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டன. வெள்ளி, சனி இரண்டு நாளும் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குனிந்து மென்று, எழுந்து போகும்போது மங்களேஸ்வரியிடம், "நல்லாருந்துச்சு அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் நல்லாருந்துச்சு என்று சொல்லச் சொல்ல வீடு பின்னால் போனது. சனிக்கிழமை சாயங்காலம் அதன் முதுகு மதிலில் முட்டியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மதில் ஒரு முழம் விலகியிருந்தது, பின்கட்டு ஜன்னல் வழியாகச் சோளக்காடும் மூக்காண்டியின் ஆடும் தெரிந்தன.

காலனிக்காரர்கள் அக்கறையாக ஓசூருக்குப் போன் பண்ணியிருந்தார்கள். பத்து மணிக்கு மகன் கதிரேசன் காரோடு வந்து, வாசற்படியை ஒட்டி நிறுத்தி இறங்கினான். மதிலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "இதுக்கு மேல இங்க என்னம்மா இருக்கு? எங்க கூட வந்துரு" என்றான்.  அவன் வற்புறுத்தவில்லை, பாசமாகத்தான் சொன்னான். "கடைசியா ஒரு வேளை அங்க சாப்பிட்டுட்டு வாறேன், நீ பெட்டிய எடுத்து வை" என்று சொல்லிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு சமையல்கூடத்துக்கு நடந்தாள். வழியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சுகந்திதான் பரிமாறினாள். அவளுடைய மகள் யாழினி, ஏழு வயசு, தட்டைப் பார்த்ததும் பேசாமல் நகர்த்தி வைத்தது. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த மங்களேஸ்வரி, "ஏன் கண்ணு, சாப்பிடு" என்றாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. சுகந்தி கரண்டியை வாளிக்குள் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"போதும் அத்தை."

"என்ன போதும்?"

"பாகற்கா போதும். ஏழு நாளா எம்பிள்ள தயிரத் தின்னு உசுரு வாழுது. நீங்க சொன்னது கிறுக்குத்தனம். அன்னைக்கே சொல்லிருக்கணும், கை தூக்குனேன் பாருங்க, அது என் தப்பு."

"சுகந்தி, பெரியவங்ககிட்ட..." என்று அருள்தாஸ் எழுந்தார்.

"நீ உக்காருடா அருளு" என்றாள் மங்களேஸ்வரி. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வீடு, மதில், மகன், பெட்டி எல்லாம் அவளுக்கு மறந்துபோய்விட்டது. நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "கிறுக்குத்தனமா? யாரப் பாத்துடி சொல்ற? ஒம் மாமியாளுக்கு உலைக்கு எம்புட்டுத் தண்ணி வைக்கணும்னு சொல்லிக்கொடுத்தவ நான்!"

"சொல்லிக்கொடுத்தீங்க, இல்லேங்கல. இன்னைக்கு நீங்க விளக்குற பாத்திரத்துல பிசுக்குப் போறதே இல்ல. ரெண்டு வருஷமா ஒங்க பின்னாடி நின்னு நாந்தான் திருப்பி விளக்குறேன், பள்ளிக்கூடத்துலருந்து வந்த காலோட."

"தெரியும்டி. பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிருவீங்கன்னுதான்."

"பிசுக்கு இருக்குன்னு சொன்னா ஒடியிறதுக்கு நான் என்ன முருங்கக் கொம்பாடி? நீ சொல்லாம விட்டதுலதான் நான் ஒடிஞ்சேன்."

சுகந்தியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் அவள் விடவில்லை. கண்ணாடி போடாமல் பாத்திரத்தில் கைவைக்காதீர்கள் என்றாள். சோப்பைக் கரைத்துத் தண்ணீராக்கி வைத்தால் எந்தக் கண்ணாடிக்கும் பிசுக்குப் போகாது என்று இவள் திருப்பினாள். சோப்பு கரைப்பது என் முறையில்லை, சனிக்கிழமைக்காரர் முறை என்று அவள் சொல்ல, சனிக்கிழமைக்காரர் வாயில் சோற்றோடு எழுந்துவிட்டார். அவர் ரப்பர் டியூப் ஓட்டையைச் சொன்னார், டியூப்புக்காரர் அருள்தாஸைச் சொன்னார், அருள்தாஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் சொன்னார். பாகற்காய்க்குக் கை தூக்கினது யார் யார், மனசாரத் தூக்கினது யார், வீட்டில் ஒளித்து வைத்து உருளைக்கிழங்கு வறுத்தது யார் என்றெல்லாம் வந்தது. நாற்பது நிமிஷம் யாரும் சாப்பிடவில்லை, யாரும் வெளியே திரும்பிப் பார்க்கவுமில்லை. மங்களேஸ்வரி எழுந்து நின்று, மேஜையைத் தட்டி, தொண்டை கட்டும்வரை கத்தினாள். அவள் கத்தி முடிப்பதற்குள் மூன்று பேர் குறுக்கே பேசினார்கள்.

சத்தம் கேட்டுக் கதிரேசன் வந்து வாசலில் நின்றான். "யாரு எங்கம்மாவ இப்படிப் பேசுறது?" என்று முகம் சிவக்கக் கேட்டான். "அவுங்களுக்கு எழுவத்திரெண்டு வயசு. மரியாத தெரியாது?"

"கதிரேசா, நீ இதுல வராத" என்றாள் மங்களேஸ்வரி, திரும்பாமலே. "இது எங்களுக்குள்ள."

"அம்மா, பெட்டியெல்லாம் கார்ல வச்சாச்சு..."

"இறக்கு."

அவன் இறக்கப் போனான். போனவன் அங்கிருந்து கூப்பிட்டான், எல்லோரும் கையைக் கழுவாமலே வெளியே வந்து பார்த்தார்கள். மதில் மூடியிருந்தது. மதிலோரத்தில் கார் மட்டும் கதவு திறந்தபடி தனியாக நின்றது. வீடு அங்கிருந்து நாற்பத்தெட்டு அடி முன்னால், ரப்பர் டியூபை இழுத்துக்கொண்டு, வழியிலிருந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. கதிரேசன் இரண்டு கையிலும் இரண்டு பெட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். இந்தக் காலனியில் பிறந்து வளர்ந்தவன்தான், ஓசூர்ப் பழக்கத்தில் மறந்துவிட்டான்.

"அந்தா நிக்குது பாரு, உள்ள வை. காரக் கேட்டுப் பக்கம் கொண்டுபோய் விடு, இங்க நின்னா மூக்காண்டி ஆடு தாண்டி வந்து மேல ஏறி நிக்கும்" என்றாள் அவன் அம்மா.

பெட்டியை வைத்துவிட்டு வந்து அவனும் சாப்பிட்டான். அவசரத்துக்கு அவனுக்காக அப்பளம் பொரித்தார்கள், மோர் கலக்கினார்கள். சாப்பிட்டு முடித்துத் தன் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவனைச் சுகந்தி மறித்துத் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அய்யோ அண்ணே, நீங்க எதுக்கு? விருந்தாளி நீங்க. ஃபேனுக்கடில உக்காருங்க, எல்லாத்தையும் நாங்க பாத்துக்குறோம்."

பிறகு அந்தப் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க என்ன நின்னு வேடிக்க பாக்குறீங்க? டம்ளர் அம்புட்டும் அப்படியே கெடக்கு. கண்ணாடியப் போட்டுட்டு வாங்க, பிசுக்கு இருந்தா திருப்பிக் குடுத்துருவேன், ஆமா."

"வாறேண்டி, பறக்காத" என்றாள் மங்களேஸ்வரி.

கதிரேசன் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து இரண்டாவது டம்ளர் மோரைக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.